முன்பாதி தெரியாதவன்

ஆந்தைக்குப் பகலில் பேச்சு வராது. இரவெல்லாம் கோல்ட் ஸ்டோரேஜில் வேலை, பகலெல்லாம் தூக்கம். ஊர் குறட்டை விடும்போது இவன் உறைந்த பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே டார்ச் அடித்துக்கொண்டு திரிவான். ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது இவன் படுக்கப் போவான். இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு வந்து சேர்ந்த இடம். வந்த புதிதில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையில் இருக்கும் பெயரைச் சம்பளப் பிரிவைத் தவிர யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அப்படிப்பட்டவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து, இந்த மாதம் உனக்குப் பிடித்த புத்தகம் எது, பார்த்தது எது, கேட்டது எது என்று பேசச் சொன்னால் என்ன ஆவான்?

சொன்னவள் சின்னவள். வீட்டுக்கு இரண்டாவது பெண் என்பதால் வீட்டில் அப்படி; இவனும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டான். அதே கோல்ட் ஸ்டோரேஜில் டிஸ்பாட்ச் மேசையில் அவளுக்குப் பகல் வேலை. காலையில் ஷிப்ட் மாறும்போது இவன் கொடுக்கும் சாவிக்கொத்தை வாங்கிக்கொள்கிறவள். சாவி கைமாறும் நேரம் மெல்ல மெல்ல நீண்டு, டீ குடிக்கும் நேரமாகி, இவன் பஸ்ஸைத் தவறவிடும் நேரமாகி, கடைசியில் கல்யாணப் பேச்சில் வந்து நின்றது.

"அம்மா ஒத்துக்கிட்டா," என்றாள் ஒரு காலை.

"எதுக்கு?"

"உன்னைப் பார்க்கறதுக்கு. மாசக் கச்சேரிக்குக் கூட்டிட்டு வா, அவன் பேசறதைக் கேட்டுட்டு அப்புறம் கல்யாணத்தைப் பத்திச் சொல்றேன்னா."

"கச்சேரியா? எனக்குப் பாட வராது."

"பாட வேண்டாம். பேசினா போதும்."

"அதுக்குப் பாடிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. லாரி டிரைவர் ஒருவர் கையெழுத்துக்காக நீட்டிய தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, விஷயத்தை விளக்கினாள்.

அவள் வீட்டில் ஒரு காலத்தில் ஆளுக்கொரு ஹெட்போன். அப்பா ஒரு மூலையில் மீன் பிடிக்கிற நிகழ்ச்சி பார்ப்பார், அக்கா ஒரு மூலையில் அழுகிற தொடர், இவள் பாட்டு. ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடே புகையாகியிருக்கிறது. அம்மா மாடிப்படியிலிருந்து போட்ட சத்தம் ஒருத்தர் காதிலும் விழவில்லை. அம்மாவுக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தாலே தூங்க மாட்டாள், இதை விடுவாளா? மறுநாளே சட்டம் போட்டுவிட்டாள். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மாதம் தன்னைப் பிடித்து உட்காரவைத்த புத்தகம் ஒன்று, நிகழ்ச்சி ஒன்று, இசை ஒன்று என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முழுசாக முடித்ததைத்தான் சொல்லலாம். 'நல்லா இருந்துச்சு' என்ற வார்த்தை செல்லாது. கேட்கிறவர்கள் கேள்வி கேட்கலாம். மாசக் கச்சேரி என்பது அப்பா கிண்டலுக்கு வைத்த பெயர்.

"இதுல என்ன கஷ்டம்?" என்றான் ஆந்தை. "நெட்ல சுருக்கம் போட்டிருப்பான். படிச்சுட்டு வந்து ஒப்பிச்சிடறேன்."

"அதைத்தான் மாமா மூணு வருஷமா பண்றாரு." அக்காவின் வீட்டுக்காரரைச் சொன்னாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பெரிய வேலை, வாய் கிழியப் பேசுவார். "ஒரு தடவை ஒரு நாவலைப் பத்தி அரை மணி நேரம் பேசினாரு. கடைசியில சொன்ன முடிவு சினிமாவுக்காக மாத்தினது. புத்தகத்துல அந்த ஆள் சாகவே மாட்டான். அம்மா ஒண்ணும் சொல்லலை. சமையலறைக்கு வந்து, 'ஒரு பொய்யன் போதும் இந்த வீட்டுக்கு'ன்னா. அக்கா காதுல விழுந்து அன்னிக்கு ராத்திரி பெரிய ரகளை. உன் விஷயம் வந்தப்பவும் அதே வார்த்தைதான் சொன்னா."

ஆந்தை ஹீட்டருக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். விரல்களுக்கு உயிர் வர இன்னும் நேரம் இருந்தது.

"நான் பள்ளிக்கூடம் விட்டதுக்கப்புறம் கதைப் புத்தகம் தொட்டதில்லை."

"தெரியும். அதனாலதான் மாசம் பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன். ஏதாவது ஒண்ணை எடு. மெலிசா இருந்தாலும் பரவாயில்லை. ஒண்ணை மட்டும் எடுக்காத." ஒரு பழைய நாவலின் பெயரைச் சொன்னாள். "அது அம்மாவுக்கு மனப்பாடம். அவ கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து படிக்கறா. அதுல வாயைக் கொடுத்தா மாட்டிப்ப."

தலையை ஆட்டினான். பஸ்ஸில் ஏறி உட்காரும்போதே அந்தப் பெயர் மறந்துவிட்டது. எட்டு மணி நேரம் மைனஸ் பதினெட்டு டிகிரி குளிரில் இருந்துவிட்டு வருகிறவனிடம் புத்தகப் பெயரைச் சொன்னால் அதுதான் நடக்கும்.

*

பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே நூலகம். தூங்கப் போகும் முன் நுழைந்துவிட்டு வந்துவிடலாம் என்று போனான். மெலிசான புத்தகங்கள் இருந்த அடுக்கில் இரண்டு மூன்றைப் புரட்டினான். முதல் பக்கத்திலேயே சூரியன் உதித்தது, குருவி கத்தியது. மூடி வைத்தான். சூரியன் உதிப்பதைத் தினமும் பஸ்ஸில் பார்க்கிறான். அதில் அப்படி ஒன்றும் இல்லை.

மூலையில் மறுபைண்டிங் செய்த பழைய புத்தகங்கள். பெயர் இல்லாத பழுப்புத் துணி அட்டை, முதுகில் எண் மட்டும். ஒன்றை உருவித் திறந்தான். முதல் வரி இப்படி இருந்தது:

'என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.'

என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள், ஒன்றும் இல்லை. கதவு சாத்தியாகிவிட்டது. ஆந்தைக்கு அது பிடித்துவிட்டது. எழுதினவன் ஆள்தான், சுற்றி வளைக்கவில்லை என்று நினைத்தான். நின்றபடியே நாலு பக்கம் படித்தான். முதுகில் எண்ணுக்குக் கீழே /2 என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே அதே எண்ணில் /1 இருந்தது. அதன் அட்டை பிய்ந்து தொங்கியது. கோல்ட் ஸ்டோரேஜில் மூட்டை அடுக்குகளில் இப்படித்தான் போடுவார்கள். ஒரே சரக்கு இரண்டு அடுக்காக வந்தால் /1, /2. எதைப் பிரித்தாலும் உள்ளே அதே பட்டாணி. கிழிந்ததை எதற்கு எடுக்க வேண்டும் என்று /2-ஐ எடுத்துக்கொண்டு போனான்.

முதல் வாரம் புத்தகம் அவனைப் பாடாய்ப் படுத்தியது. யார் யாருக்கு அண்ணன், யார் வீட்டுக்காரி, ஒன்றும் சொல்லாமல் எழுதியிருந்தான் எழுதினவன். தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புது வேலையில் சேர்ந்த முதல் நாள் மாதிரிதான். யாரும் எதையும் விளக்க மாட்டார்கள், பேசுவதைக் கேட்டு ஆளைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது வாரம் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது வாரம் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான். கடைசிப் பக்கத்தைப் படித்த அன்று வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தான். மறுபடி படுத்தான். ஒரு புத்தகத்துக்காகத் தூக்கம் கெட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை. நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினான்.

அப்பாதான் திறந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் ஸ்டியரிங் பிடித்த தோள். "வாங்க தம்பி. நீங்கதான் ஆந்தையா? பகல்ல கண்ணு தெரியுதா?"

"மங்கலா தெரியுது அங்கிள்."

"அது போதும். இங்க தெளிவாப் பார்க்க ஒண்ணுமில்லை."

கூடத்தில் வட்ட மேசை. அக்கா தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், அந்த வீட்டு மாப்பிள்ளை, சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, புதிதாக ஒருத்தன் மாட்டிக்கொண்டதில் முகம் மலர்ந்திருந்தார். அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். குள்ளம், நரைத்த தலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. கண்ணாடிக்கு மேலாக இவனைப் பார்த்தாள். எங்கே பிழை இருக்கிறது என்று தேடுகிற பார்வை.

"வணக்கம் ஆன்ட்டி."

"ஆன்ட்டின்னு கூப்பிடாதீங்க. எனக்குப் பிடிக்காது."

"அப்போ... அம்மான்னு?"

"அதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிடாமலே பேசுங்க. நான் எதிரிலதானே இருக்கேன்."

சாப்பிட்டு முடித்துத் தட்டுகள் போனதும் கச்சேரி தொடங்கியது. விருந்தாளி முதலில். மேசைக்கு அடியில் சின்னவள் அவன் காலை ஒரு மிதி மிதித்தாள். தைரியம் சொன்னாளா, எச்சரித்தாளா தெரியவில்லை.

"அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி," என்றாள் அம்மா. "படிப்பை எதுக்கு விட்டீங்க?"

"பிடிக்கலை."

"வீட்டுல கஷ்டமா?"

"இல்லை. அப்படிச் சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க. ஆனா அப்படி ஒண்ணும் இல்லை. வகுப்புல உட்கார்ந்தா மூச்சு முட்டுச்சு. ஒரு நாள் போகலை, மறுநாளும் போகலை. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அம்மா அவர் பக்கம் திரும்பாமல், "சரி, இசை," என்றாள்.

ஆந்தை மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எங்க மேல் வீட்டுல ஒரு பல் டாக்டர். இந்த வயசுல புல்லாங்குழல் கத்துக்கறாரு. மத்தியானம் க்ளினிக் மூடிட்டு வந்து வாசிப்பாரு. எனக்கு அதுதான் நடுராத்திரி."

"எப்படி வாசிப்பார்?" என்றார் அப்பா.

"பல்லு பிடுங்கற மாதிரியே வாசிப்பாரு. ஒரே பாட்டு. அதுல ஒரு இடம் மேல ஏறணும். அங்க வந்ததும் காத்துதான் வரும், சத்தம் வராது. மறுபடி முதல்லேர்ந்து. வாரக்கணக்கா அதே இடத்துல தடுக்கி விழுந்தாரு. மேல போய் கழுத்தைப் பிடிக்கலாமான்னு இருந்துச்சு. போன வியாழக்கிழமை ஏறிட்டாரு. அந்த இடம் தாண்டி எனக்குத் தெரியாத ஒரு பகுதி வந்துச்சு. நான் படுக்கையில எழுந்து உட்கார்ந்துட்டேன். அவரும் பயந்துபோய் நிறுத்திட்டாரு போல. அதான் இந்த மாசம் நான் கேட்ட இசை."

அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார். அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. "பார்த்தது?"

"எனக்கு டி.வி. கிடையாது. வேலையில பன்னிரண்டு திரை இருக்கு, கேமரா. அதுல ஏழாவது திரையைத்தான் பார்ப்பேன். நீள வராந்தா. பெருக்கற அக்கா ஒருத்தங்க வேலை முடிஞ்சதும் தள்ளுவண்டியை ஓட்டிட்டு வந்து, அதுமேல ஏறி நின்னு, வராந்தா முழுக்க வழுக்கிட்டே போவாங்க. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு."

"அவங்களுக்குத் தெரியாம பார்க்கறது தப்பில்லையா?" அம்மாவின் குரல் கூராகியது.

"தப்புதான். அதனால மறுநாளே சொல்லிட்டேன். முதல்ல திட்டினாங்க. அப்புறம், 'அந்தக் கோடி லைட்டைப் போட்டு வை, முகம் தெரியலை'ன்னாங்க. இப்போ கேமராகிட்ட வந்ததும் கும்பிடு வேற போடறாங்க."

இந்தத் தடவை அக்காவும் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை விடவில்லை. "தம்பி நல்லா சமாளிக்கறாரு. புத்தகம்னு கேட்டா கரண்ட் பில்லை எடுத்து நீட்டுவாரு போல."

"இல்லை. புத்தகம் நிஜமாவே படிச்சேன். பெரிய புத்தகம்."

"பேரு?" என்றாள் அம்மா.

"அட்டையில இல்லை."

மாப்பிள்ளை மேலே பார்த்துச் சிரித்தார். ஆந்தைக்குக் காது சூடானது. இனிமேல் நிறுத்தினால் எழுந்து ஓடத்தான் வேண்டும் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னான்.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு தங்கும் விடுதி. அதை ஒரு அம்மா நடத்தறாங்க. பின்னாடி அறையில அவங்க தம்பி இருக்கான். அவன்கிட்ட யாரும் பேசறதில்லை. சாப்பாட்டைக் கதவுகிட்ட வெச்சிட்டுப் போயிடுவாங்க. வந்து தங்கறவங்ககூடப் பேச மாட்டாங்க. அவன்பாட்டுக்கு விளக்கைச் சரி பண்ணுவான், குழாயைச் சரி பண்ணுவான். கடைசிப் பக்கத்துல அந்த அக்கா தட்டைக் கதவுகிட்ட வைக்காம உள்ள எடுத்துட்டுப் போய், அவன் சாப்பிடறதைப் பார்த்துட்டு நின்னு, 'உப்பு போதுமா?'ன்னு கேட்கறா. அதோட முடிஞ்சிடுது."

நிமிர்ந்தான். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எடுக்காதே என்று சொன்ன அதே நாவல். இவனுக்கு அது அப்போதுகூடத் தெரியவில்லை.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அவன்கிட்ட ஏன் யாரும் பேசறதில்லை?"

"காரணம் இல்லை."

"இல்லையா?"

"அவன் ஒண்ணும் பண்ணலை. சும்மா ஒதுக்கி வெச்சிருக்காங்க. ஒருத்தன் ஆரம்பிச்சிருப்பான், மத்தவங்க தொடர்ந்திருப்பாங்க. அதுக்குக் காரணம் எல்லாம் வேண்டாம். அதான் புத்தகத்துல எனக்குப் பிடிச்சது. காரணம்னு ஒண்ணைச் சொல்லி எழுதினவன் கெடுக்கலை."

மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி. "மாட்டினாருய்யா! இவரு படிக்கவே இல்லை. அவன் சொந்த அண்ணனையே போலீஸ்ல காட்டிக் கொடுத்தவன். அண்ணன் ஜெயில்லயே செத்தாரு. அதனாலதான் யாரும் பேசறதில்லை. இது ரெண்டாவது அத்தியாயத்துலயே வந்துடும். எந்தச் சுருக்கத்தை எடுத்தாலும் முதல் வரியே இதுதான்!"

"எந்த அண்ணன்?" என்றான் ஆந்தை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"கூடத்துல படம் மாட்டியிருக்குமே," என்றாள் அக்கா, பாவமாக.

"அது அவங்க அப்பா இல்லையா?"

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா கையை நீட்டினாள். "புத்தகம் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அம்மா முதல் பக்கத்தைத் திறந்தாள். 'என்று சொல்லிவிட்டு' என்ற இடத்தில் விரலை வைத்தாள். பக்கத்தின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "பைண்டர் மேலே ஒட்ட வெட்டியிருக்கான். பக்க எண்ணெல்லாம் போச்சு," என்று தனக்குள் சொன்னாள், அச்சகக் கோபம். பிறகு முதுகைத் திருப்பினாள்.

"இதுக்குப் பக்கத்துல /1 இருந்துச்சா?"

"இருந்துச்சு. அட்டை கிழிஞ்சிருந்தது. அதான் இதை எடுத்தேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? தடிமனான புத்தகத்தை ரெண்டா வெட்டித் தைப்பாங்க. நீங்க படிச்சது பின்பாதி."

சிரிப்பு வெடித்தது. அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னவள்கூட மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். ஆந்தைக்கு நெற்றி முழுக்க வேர்த்தது. ஒரு மாதம். இறங்க மறந்த நிறுத்தம். தூங்காத பகல். எல்லாம் ஒரு கால் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து செய்தது.

"முழுசா முடிச்சாத்தான் செல்லும்," என்றார் மாப்பிள்ளை. "பாதிப் புத்தகம் செல்லாது. சட்டம் சட்டம்தான், இல்லையா அத்தை?"

ஆந்தை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "சரிங்க. செல்லாதுன்னா செல்லாது. நான் வரேன்." வாசலுக்குப் போய் ஷூவுக்குள் ஒரு காலை நுழைத்தான். சின்னவள் எழுந்து வந்தாள். "ஏய், இரு." "விடு," என்றான் இவன். "உனக்கும் அவமானம். நான் படிச்ச ஒரே புத்தகம், அதுவும் பாதி."

"உட்காரு," என்றாள் அம்மா, உள்ளிருந்து. சத்தம் போடவில்லை. "எனக்குக் கேள்வி பாக்கி இருக்கு."

'உட்காருங்க' இல்லை, 'உட்காரு'. ஒரு காலில் ஷூவோடு ஆந்தை திரும்பிப் பார்த்தான்.

"மாப்பிள்ளை," என்றாள் அம்மா, இவனைப் பார்த்துக்கொண்டே. "நீங்க சொன்னது சரி. எந்தச் சுருக்கத்தை எடுத்தாலும் முதல் வரி அதுதான். அது தெரியாம ஒருத்தன் இந்தக் கதையைச் சொல்லணும்னா, அவன் எந்தச் சுருக்கத்தையும் தொடாம இருந்திருக்கணும். பின்பாதியில அண்ணன் பேச்சை யாரும் எடுக்கவே மாட்டாங்க. எடுக்காம இருக்கறதுதான் அந்தப் பின்பாதியே. வரி வரியாப் படிச்சாத்தான் இப்படித் தப்பா வரும்."

மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஆந்தை ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"இப்ப சொல்லு. அவ 'உப்பு போதுமா'ன்னு எதுக்குக் கேட்கறா?"

"மன்னிப்பு கேட்கறா."

"கேட்கறாளா? கொடுக்கறா! இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பாவியை மன்னிக்கறா. அதுதான் முடிவு."

"அப்படித் தெரியலை."

"நீ முன்பாதி படிக்கலை."

"படிக்கலை. ஆனா இந்தப் பக்கத்தைப் படிச்சேன். மன்னிக்கறவ தட்டு வைக்கும்போது கை நடுங்குமா? இங்க நடுங்குதே. 'அவள் பாதி வாசலிலேயே நின்றாள்'னு இருக்கு. மன்னிக்க வரவங்க நேரா உள்ள வருவாங்க. தப்பு பண்ணினவங்கதான் வாசல்ல நிப்பாங்க."

"தப்பு பண்ணினவன் அவன்டா!"

"அவன் என்ன பண்ணினான்னு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா பேசாம இருந்தது யாரு? அவதானே? அதுக்கு அவளுக்குக் கை நடுங்கக் கூடாதா?"

அம்மா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பத்தியைப் படித்தாள். உதடு அசைந்தது, அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது அப்படித்தான் அசையுமாம், சின்னவள் பின்னால் சொன்னாள். இன்னொரு தடவை படித்தாள்.

"கை நடுங்குது," என்றாள் கடைசியில். யாரிடமோ புகார் சொல்கிற குரலில். "இதை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன். வயசாயிடுச்சு, அதனால நடுங்குதுன்னே நினைச்சிருக்கேன்."

"வயசும் இருக்கலாம்," என்றான் ஆந்தை.

"இப்ப எதுக்கு இறங்கி வர்ற? நீ சொன்னதுல நில்லு."

"நிக்கறேன்."

"இருந்தாலும் நீ சொல்றது தப்பு."

"இருக்கலாம்."

அப்பா பழத்தட்டை நடுவில் தள்ளினார். "முன்பாதி தெரியாததால ஒருத்தன் தப்பு பண்ணினவனுக்கே இவ்வளவு பரிஞ்சு பேசறான்னா நமக்கு நல்லதுதான். சின்னவளோட முன்பாதியை யாரும் இவன்கிட்ட சொல்லித் தொலைக்காதீங்க."

"அப்பா!" என்று சின்னவள் ஒரு ஆரஞ்சுச் சுளையை எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

அம்மா புத்தகத்தை மூடினாள். "அந்த அண்ணன் இருக்கானே, அவனும் லேசுப்பட்டவன் இல்லை. தம்பி எதுக்குக் காட்டிக் கொடுத்தான்னா..."

"சொல்லாதீங்க!" ஆந்தை கையை நீட்டித் தடுத்தான். அந்த வீட்டில் அவளைப் பாதி வாக்கியத்தில் யாரும் தடுத்ததில்லை போலிருக்கிறது. அக்கா கையிலிருந்த கத்தி பழத்தில் அப்படியே நின்றது. "நான் படிச்சுக்கறேன். இவர் சொன்னதே அதிகம்."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். சிரமப்பட்டுத்தான் மூடினாள்.

அடுத்தது மாப்பிள்ளையின் முறை. எல்லாரும் திரும்பினார்கள். அவர் தயாராகத்தான் வந்திருந்தார். மடியில் திறந்து வைத்திருந்த போனில் எழுத்து தெரிந்தது. அதைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், போனை அணைத்தார்.

"இந்த மாசம் நான் ஒண்ணும் படிக்கலை அத்தை. ஆபீஸ்ல உயிரை எடுக்கறாங்க. வீட்டுக்கு வந்தா பூனை வீடியோதான் பார்க்க முடியுது."

ஏதோ வந்து விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"என்ன பூனை?" என்றாள்.

மாப்பிள்ளை ஒரு விநாடி முழித்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பூனை வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்துத் தானும் சுற்றி விழுகிற கதை. கையை ஆட்டி, தலையைச் சுற்றிக் காட்டினார். அக்கா தன் புருஷனைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆந்தை கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தாள். சின்னவள் சுவரோடு ஒட்டி நின்று நகத்தைக் கடித்தாள். வந்த காரியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

"உனக்கு என்னிக்கு லீவு?" என்றாள் அம்மா.

"புதன்கிழமை."

"உங்க வீட்டுல யார் யார்?"

"அக்கா மட்டும்தான். ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டு பஸ் மாறணும்."

"அவங்களுக்கும் புதன்கிழமை தோதுப்படுமான்னு கேளு. நாங்க வந்து பேசறோம்." மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நகத்தைக் கடிக்காதே. கல்யாணப் பொண்ணு கை பார்க்கிற மாதிரி இருக்கணும்."

சின்னவள் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பல் மட்டும் வெளியே தெரிந்தது.

ஆந்தை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். இன்னும் இருட்டவில்லை, அவனுக்குப் பேச்சு சரியாக வராத நேரம். "அக்கா கதைப் புத்தகம் எல்லாம் படிக்க மாட்டாங்க," என்றான். "வாயைத் திறந்தா சண்டைதான் போடுவாங்க."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தி வேணாலும்."

"நல்லது," என்றாள் அம்மா. "படி இருட்டா இருக்கும். பார்த்து இறங்கு."